சூழிசையும் அதனை ஆக்குவோர் நெறியும்

ஓசை வேறு, இசை வேறு என்பது நம்மனோரிற் பலர்க்கு ஐயத்திற்கிடமில்லாத கொள்கையாம். சுருதியும் தாளமும் பொருந்தப் பயின்றோர் மிடற்றினின்றோ விரலினின்றோ எழுவது இசை. மழையொலி, வண்டியொலி, சந்தையிரைச்சல் முதலிய ஏனையவெல்லாம் வெற்றோசை என்று நாம் இளமைதொட்டு எண்ணிவந்தோம். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையென்று ஈண்டுக் கூறப் புகுந்தோமல்லோம். ஆயினும், அதனையே உரைகல்லாகக் கொண்டு பிறர் உழைப்பை உரைத்துப் பார்த்த காலத்து நாம் ஒரு தவறு செய்தோம். அத்தவற்றை ஒப்புக்கொள்ளுதலும், அதன் காரணத்தை ஆராய்தலுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது இது. சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவையொட்டி நடைபெற்ற இசைப்போட்டியில் நடுவர் மூவருள் நாமும் ஒருவராயிருந்தோம். இயற்பியல் வகுப்பு மாணவர் இருவர் இருபது நிமிட அளவுள்ள ஓர் ஆக்கத்தைக் கொணர்ந்தனர். அதிற் பாட்டில்லை; வாத்தியமுமில்லை. நம் கல்லூரி மணியின் நாதம், தாழ்வாரத்து ஓட்டின்மேல் வீழும் மழை, விடுதி உணவறையின் மின்விசிறி, மாலையில் மரங்களில் அடையும் காக்கைகளின் கரைதல் ஆகியவற்றைப் பதிந்து, சிலவற்றின் ஓட்டத்தைத் தாழ்த்தி, ஒன்றன்மேலொன்று படியவைத்திருந்தனர். ஐந்தாவது நிமிடத்திலே நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம், மணியடித்து நிறுத்திவிட்டோம். "இஃது இசையன்று" என்று மதிப்புத்தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டோம். அம்மாணவருள் ஒருவர் எவ்விதச் சினமுமின்றி ஒரே ஒரு வினா வினவினார்: "ஐயா, தாங்கள் இறுதிவரை கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை?" அதற்கு விடையிறுக்க நம்மால் இயலவில்லை. இவ்வாண்டுப் போட்டிக்கு அவ்விருவரும் பெயர் கொடுத்திலர்.

அவ்வினா கோடை விடுமுறை முழுவதும் நம்மை விட்டகலவில்லை. ஆகவே, மேனாட்டில் இத்துறையில் உழைத்தோருடைய ஆக்கங்களைத் தேடிக் கேட்டும், அவற்றை ஆக்கிய விதம்பற்றி அவர்கள் கூறியவற்றைப் படித்தும் வந்தோம். ஆங்கிலத்தில் 'ஆம்பியன்ட்' என்று வழங்கும் இசையைச் சூழிசை என்றும், 'எக்ஸ்பெரிமென்டல்' என்று வழங்குவதைச் சோதனையிசை என்றும் இக்கட்டுரையிற் குறிப்போம். முன்னது ஓரிடத்தின் காற்றும் ஒளியும் போல நம்மைச் சூழ்ந்து நிற்பது. பின்னது முடிவு இன்னதென்று முன்னரே துணியாமல், ஒரு முறையை வகுத்து அதன் விளைவைச் செவியால் ஆய்வது. இரண்டும் பல இடங்களில் ஒன்றோடொன்று கலந்தே வரும்.

இவ்விசைவாணர்மீது சாட்டப்படும் குற்றங்கள் மூன்று. அவர்கள் கையாளும் பொருள் வெறும் இரைச்சல் என்பது ஒன்று. அவர்கள் தாமே ஆக்காது கருவியையும் தற்செயலையும் ஆக்கவிட்டுச் சோம்பியிருப்பர் என்பது மற்றொன்று. கூர்ந்து கேட்கவேண்டா என்று அவர்களே கூறும் இசையை நாம் ஏன் கேட்டல் வேண்டும் என்பது மூன்றாவது. சென்ற ஆண்டு நம் உள்ளத்திலிருந்தனவும் இவையே. இவற்றை முறையே ஆராய்வாம்.

முதலாவது, பொருள்பற்றியது. 1948-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு வானொலியிற் பணியாற்றிய பியர் ஷேஃபர் என்னும் பொறிவல்லார், பாரிஸ் நகரத்துப் பத்தினோல் புகைவண்டி நிலையத்திற்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றார். எஞ்சின்களின் பெருமூச்சையும், ஊதலையும், சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓடும் தட்டொலியையும் பதிந்துகொண்டு வந்தார். அவற்றைக்கொண்டு அவர் ஆக்கிய இருப்புப்பாதை ஆய்வு அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. அவர் எதிர்ப்பட்ட இடர் யாதெனின், புகைவண்டியின் ஒலியைக் கேட்பவன் ஒலியைக் கேளாது புகைவண்டியையே அகக்கண்ணிற் காண்கின்றான் என்பதாம். அப்பொழுது அது நாடகமாகுமேயன்றி இசையாகாது. ஆகவே, இசைத்தட்டின் ஒரு வரையை வளையமாக அடைத்து, ஒரே துணுக்கு மீண்டும் மீண்டும் ஒலிக்குமாறு செய்தார். பலகாற் கேட்ட பின்னர் வண்டி மறைந்தது. ஒலி மட்டும் நின்றது.

அவர் செய்த மற்றொரு சோதனையும் கருதத்தக்கது. மணியோசையைப் பதியுங்கால், நா மணியில் மோதும் அக்கணத்தை நீக்கி, எஞ்சிய நாதத்தை மட்டும் பதிந்தார். அந்நாதம் மணியோசையாகத் தோன்றாது குழலோசை போலத் தோன்றிற்று! ஓர் ஒலியை இன்ன கருவியினது என்று நாம் அறிவதில் அதன் தொடக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்னும் உண்மை இதனாற் புலனாகின்றது. நாள்தோறும் பன்முறை கல்லூரி மணியைக் கேட்கும் நம்முள் எத்துணைப் பேர் அதன் ஓசை முடியும் இடத்தைக் கேட்டிருக்கின்றோம்? அடித்தவுடனே எழுந்து நடந்துவிடுகின்றோம் அன்றோ?

இனி, இப்பொருளைக் கையாளுதல் எளிதென்பார்க்கு ஒரு சொல். இங்கிலாந்தின் வானொலி நிலையமாகிய பி.பி.சி. 1958-இல் ஒலியாக்கத்திற்கென ஒரு பட்டறையை நிறுவிற்று. அங்கே பணியாற்றிய டெலியா டார்பிஷைர் என்னும் அம்மையார், 1963-ஆம் ஆண்டில் 'டாக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிக்கொடுத்த முகப்பிசையை ஒலிவடிவாக்கினார். அக்காலத்து அப்பட்டறையில், விசைப்பலகையைத் தொட்டவுடன் வேண்டிய ஒலியைத் தரும் கருவி இருந்ததில்லை. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே உண்டாக்கி, நாடாவிற் பதிந்து, அளந்து வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டியே அவ்விசை முழுவதும் அமைக்கப்பட்டது. வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவிற் கால் வினாடிச் சுரமொன்று மூன்றே முக்கால் அங்குலமாம். இவ்வாறு துண்டு துண்டாக இசை தொடுத்த ஒருவரது பொறுமையை, வீணை பயில்வாரது பொறுமையினும் தாழ்ந்ததென்று எவ்வாறு கூறுவது? பொருள் இரைச்சலாயிருக்கலாம், உழைப்பு இரைச்சலன்று.

இரண்டாவது குற்றச்சாட்டிற்கு வருவாம். இதுவே மூன்றினும் வலியது. கருவியை ஓடவிட்டு அப்பாற் சென்றவன் ஆசிரியனாவது எங்ஙனம்?

அமெரிக்க நாட்டினராகிய ஸ்டீவ் ரைஷ் என்பார், 1964-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சதுக்கமொன்றில் நோவா காலத்து வெள்ளப் பெருக்கைப்பற்றி ஒருவர் உரத்த குரலிற் பிரசங்கித்ததை நாடாவிற் பதிந்தார். அடுத்த ஆண்டு, அவ்வுரையின் ஒரு சிறு துணுக்கை இரு நாடா வளையங்களாக்கி, இரு கருவிகளில் ஒருங்கே ஓடவிட்டார். ஒன்று மற்றொன்றுக்குச் சரிபாதி பின்னாக ஒலிக்கவேண்டுமென்பதே அவரது எண்ணம். கருவிகளோ ஒரே சீராக ஓடவில்லை. ஒரே குரலாகத் தொடங்கியவை மெல்ல மெல்ல விலகி, எதிரொலியாய், பின் இருவர் உரையாடலாய், பின் பெருங்கூட்டத்தின் ஆரவாரமாய் மாறி, மீண்டும் ஒன்றாகக் கூடலாயின. பிறரொருவர் கருவியைப் பழுது பார்க்கச் சொல்லியிருப்பர். ரைஷ் தம் முதல் எண்ணத்தைக் கைவிட்டு, அப்பழுதினையே தம் ஆக்கத்தின் விதியாகக் கொண்டார். 1967-இல் அவ்விதியையே இரு பியானோக்களுக்குரியதாக்கி, கருவி தற்செயலாகச் செய்ததை மனிதர் விரலாற் பயின்று செய்யுமாறு எழுதினார். தற்செயல் கொணர்ந்தது ஒரு கணம். அதனை இசையென்று கண்டது ஒரு செவி. அதனை நெறியாக்கியது ஈராண்டு உழைப்பு.

சூழிசை என்னும் பெயரைப் பரப்பிய ஆங்கிலேயராகிய பிரையன் ஈனோ என்பாரது வரலாறும் இத்தகையதே. 1975-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் வாடகை மோட்டார் வண்டியொன்றால் மோதுண்டு படுக்கையிற் கிடந்தார். அவரைக் காணவந்த நண்பர் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டு யாழிசைத் தட்டொன்றை அளித்துச் சென்றார். அவர் வருந்தி எழுந்து அத்தட்டைக் கருவியிலிட்டு மீண்டும் படுத்த பின்னரே, ஒலி மிகவும் தாழ்ந்திருத்தலையும், இரு ஒலிபெருக்கிகளுள் ஒன்று இயங்காமையையும் உணர்ந்தார். மறுபடி எழுந்து திருத்துதற்கு உடலில் வலியில்லை. ஆகவே கிடந்தபடியே கேட்டார். மழையொலிக்கிடையே யாழின் சிற்சில சுரங்களே செவிக்கெட்டின. இசை என்பது மழைபோலவும் அறையின் ஒளிபோலவும் இடத்தின் ஒரு கூறாக இருத்தல் கூடும் என்பது அன்று அவருக்குப் புலனாயிற்று.

அக்காட்சியை அவர் வெறும் நினைவாக விட்டாரல்லர், செயல்முறையாக்கினார். 1978-ஆம் ஆண்டில் வெளிவந்த 'விமான நிலையங்களுக்கான இசை' என்னும் அவரது தொகுதியில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். நீண்டொலிக்கும் தனிச்சுரங்கள் சில மனிதக் குரலிற் பாடப்பெற்று, ஒவ்வொன்றும் ஒரு நாடா வளையத்திற் பதியப்பட்டன. வளையங்களின் நீளம் ஒன்றற்கொன்று ஒவ்வாதது. அவர் பின்னர்க் கூறியபடி, ஒன்று ஏறத்தாழ 23½ வினாடிக்கொருமுறையும், மற்றொன்று ஏறத்தாழ 26 வினாடிக்கொருமுறையும், வேறொன்று ஏறத்தாழ 30 வினாடிக்கொருமுறையும் மீளும். எல்லாம் ஒருங்கே ஓடுங்கால், எச்சுரம் எச்சுரத்தோடு எப்பொழுது கூடும் என்பதை ஆக்கியோனும் முன்னறியான்.

இதன் கணக்கு நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். மூன்று மணிகள் 7, 11, 13 நிமிடங்களுக்கு ஒருமுறை அடிக்குமாயின், ஒருங்கே தொடங்கிய அம்மூன்றும் மீண்டும் ஒருங்கே அடித்தற்கு 1,001 நிமிடங்கள், அதாவது 16 மணி 41 நிமிடம் செல்லும். மூன்று எளிய எண்களினின்று இத்துணை நீண்ட வேறுபாடு விளைகின்றது. சிறு விதை நடுவோன் மரத்தின் ஒவ்வோர் இலையையும் தான் செய்வதில்லை. ஆயினும் எந்த விதை, எந்த மண், எவ்வளவு நீர் என்பன அவன் தேர்வேயன்றோ? எச்சுரங்களைத் தேர்வது, எவற்றை விலக்குவது, எவ்வளவு மௌனம் இடையே விடுவது, எந்த ஓட்டத்தை வெளியிடுவது, எதனைக் குப்பையில் எறிவது என்பனவெல்லாம் ஈனோவின் செவி துணிந்தவை. 1975-இலேயே அவர் பீட்டர் ஷ்மிட் என்னும் ஓவியருடன் கூடி, நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுக்கள் கொண்ட கட்டொன்றை வெளியிட்டார். வேலை தடைப்பட்டவிடத்து ஒரு சீட்டை எடுத்து, அதிற் கண்ட குறிப்பின்படி நடக்கவேண்டும். இதுவும் சோம்பலுக்கு வழியன்று. பழகிய தடத்திலேயே கால் செல்லாதபடி தன்னைத் தானே மறித்துக்கொள்ளும் உபாயமாகும்.

இவ்விடத்து ஜான் கேஜ் என்பாரையும் கூறாதொழியலாகாது. 1951-ஆம் ஆண்டில் அவர் பியானோவுக்கு எழுதிய பேராக்கம் ஒன்றில், ஒலி, அளவு, வலி ஆகியவற்றைப் பட்டியல்களாக வகுத்துக்கொண்டு, சீனரது பழைய நிமித்த நூலாகிய ஈ சிங் காட்டும் முறைப்படி நாணயங்களைச் சுண்டி, அவை காட்டியவாறே எழுதிச் சென்றார். தம் விருப்பு வெறுப்புக்களினின்று இசையை விடுவித்தலே அவர் கருத்து. அம்முயற்சியின் கடுமையை மதிக்கின்றோம். கொள்கையை முற்றும் ஏற்கிலேம். விருப்பத்தை ஒழிக்கப் புகுந்தவரும், எப்பட்டியலை வகுப்பது என்பதில் விருப்பத்தைக் கொண்டே தொடங்கினார். தேர்வு ஒழிந்தவிடத்துக் கலையும் ஒழியும் என்பதே நம் துணிபு. ஆனால் அத்தேர்வு இசை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் நிகழலாம். ஒவ்வொரு சுரத்திலும் நிகழவேண்டுமென்பதில்லை.

இந்நெறிக்கு மிக உருக்கமான எடுத்துக்காட்டொன்று உண்டு. நியூயார்க்கு நகரத்தினராகிய வில்லியம் பசின்ஸ்கி, 1980-களின் தொடக்கத்திற் பதிந்த நாடா வளையங்களைக் கெடாது காத்தற்பொருட்டு, 2001-ஆம் ஆண்டு கோடையிற் கணினிப் பதிவாக மாற்றத் தொடங்கினார். நாடா ஓடும்பொழுதே அதன்மேற் பூசிய இரும்புத்துகள் உதிரத் தொடங்கிற்று. ஒவ்வொரு சுற்றிலும் இசை சிறிது சிறிதாகத் தேய்ந்தது. அவர் நிறுத்தவில்லை; ஒரு மணிநேரத்திற்கு மேலாக அந்நாடா தேய்ந்து முடியும்வரை பதிந்தார். அவ்வேலை முடிந்த சின்னாளில், செப்டம்பர் 11-ஆம் நாள், அந்நகரத்தின் இரு மாடங்கள் வீழ்ந்தன. அவர் அவ்விசையை மடிந்தோர் நினைவிற்குரியதாக்கினார். அவரைக் 'கருவியை ஓடவிட்டவர்' என்று மட்டும் கூறுதல் உண்மையாமோ? அழிவதை அழியும்போதே அஞ்சாது உடனிருந்து கேட்டவர் என்று கூறுதலே பொருந்தும்.

மூன்றாவது குற்றச்சாட்டு, கேளாமைபற்றியது. பிரெஞ்சு இசைப்புலவராகிய எரிக் சாட்டி, அறையிலுள்ள நாற்காலிபோல ஒருவர் கருத்தையும் கவராது இருக்கவேண்டிய இசை ஒன்றை எண்ணினார். அதற்கு 'அறைகலன் இசை' என்றே பெயருமிட்டார். 1920-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் பாரிஸில் ஓவியக்கூடமொன்றில், நாடகத்தின் இடைவேளையில், டாரியஸ் மீயோ என்பாருடன் சேர்ந்து அதனை நிகழ்த்தினார். அவையோர் இசை தொடங்கியதும் பேச்சொழிந்து தத்தம் இருக்கைக்குத் திரும்பிவிட்டனர்! பேசுங்கள், நடவுங்கள், கேளாதீர்கள் என்று சாட்டி வேண்டியும் பயனில்லை. இந்நிகழ்ச்சி நகைப்பிற்குரியதாயினும் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. கேட்கும்படி கட்டளையிடாத இசையே சிற்சில போது மனத்தை மிகுதியும் கேட்கச் செய்யும்.

கேட்டலே ஆக்கத்தின் முதற்படி என்பதை இவ்விசைவாணர் பலரது வாழ்க்கை காட்டும். மேற்கூறிய கேஜ் 1951-ஆம் ஆண்டளவில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் எதிரொலி சிறிதுமற்ற அறையொன்றினுட் புகுந்தார். முழு மௌனத்தை எதிர்பார்த்த அவர் செவியில், உயர்ந்த ஒலியொன்றும் தாழ்ந்த ஒலியொன்றும் விழுந்தன. தாழ்ந்தது தம் குருதியோட்டமென்று அங்கிருந்த பொறிவல்லார் கூறக் கேட்டார். மௌனம் என்று ஒன்றில்லை, நாம் கருதாத ஒலிகளே உள என்னும் துணிபு அவர்க்குப் பிறந்தது. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் நியூயார்க்கு மாகாணத்து உட்ஸ்டாக் என்னும் ஊரில், டேவிட் டியூடர் என்பார் பியானோமுன் அமர்ந்து, 4 நிமிடம் 33 வினாடியளவும் ஒரு சுரமும் வாசியாதிருந்த நிகழ்ச்சி அத்துணிபின் பயனாம். அவையிற் சிலர் சினந்தனர். சென்ற ஆண்டு நாம் அவ்வவையிலிருந்திருப்பின், முதல் நிமிடத்திலேயே மணியடித்திருப்போம் என்பதில் ஐயமில்லை!

பாலின் ஆலிவெரோஸ் என்னும் அம்மையாரது நெறி இதனினும் எளிது, இதனினும் அரிது. 1950-களில் அவர்தம் தாயார் பிறந்தநாட் பரிசாக ஒலிப்பதிவுக் கருவியொன்றை அளித்தார். அதன் ஒலிவாங்கியைச் சாளரத்தில் வைத்துப் பதிந்து, பின்னர்க் கேட்டபோது, அங்கிருந்தும் தாம் கேளாத பல ஒலிகள் அதிலிருத்தலைக் கண்டு வியந்தார். அன்றுமுதல் எல்லாவற்றையும் எப்பொழுதும் கேட்பதென்றும், கேளாதிருத்தலை உணர்ந்தவுடன் மீண்டும் கேட்கத் தொடங்குவதென்றும் தமக்குத் தாமே விரதம் பூண்டார். 1988-ஆம் ஆண்டில் அவரும் தோழர் இருவரும் வாஷிங்டன் மாகாணத்தில் நிலத்தின்கீழ் அமைந்த வறண்ட நீர்த்தொட்டியொன்றினுள் இறங்கி இசைத்தனர். அங்கே எழுந்த ஒலி அடங்குதற்கு 45 வினாடி ஆகும். அத்தகைய இடத்தில் ஒருவன் விரைந்து வாசிப்பானாயின், தன் ஒலியே தனக்குப் பகையாம். ஒரு சுரத்தை விடுத்து, அது சுவரெல்லாம் தொட்டு மீளும்வரை காத்திருத்தல் வேண்டும். அத்தொட்டியே நான்காம் இசைவாணராயிற்று.

பொறுமைக்கு எல்லையாக எலியான் ரதீக் என்னும் பிரெஞ்சு அம்மையாரைக் கூறலாம். 1970-களில் அவர் அமெரிக்காவினின்று மின்னிசைக் கருவியொன்றைக் கொணர்ந்தபோது, அதன் விசைப்பலகையை வேண்டுமென்றே அங்கேயே விட்டுவந்தார். கட்டை இருந்தாற் கை வாசிக்கத் துடிக்கும் என்பது அவரது அச்சம். குமிழ்களை மயிரிழையளவு திருப்பித் திருப்பி, மாறுவதே தெரியாதபடி மாறும் நீண்ட ஒலிகளை ஆக்கினார். 1988 முதல் 1993 வரை அவர் ஆக்கிய, மரணத்தைப் பொருளாகக் கொண்ட முப்பகுதி ஆக்கம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒலிப்பது. அவ்விடைக்காலத்தில் அவர் தம் மகனையும் இழந்தார். அவ்விசையை ஐந்து நிமிடம் கேட்டவன் அதிலொன்றும் நிகழவில்லை என்பான். ஒரு மணி கேட்டவன், நிகழாத கணமே இல்லை என்பான். இருவரும் கேட்டது ஒரே இசை, வேறுபட்டது செவியே.

இவ்வாறெல்லாம் கூறியதனால், இப்பெயர் பூண்டு வரும் யாவும் உயர்ந்தன என்று கொள்ளற்க. 1934-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மியூசாக் என்னும் கம்பெனி, கம்பிவழியே இசை அளிக்கத் தலைப்பட்டது. பின்னர், தொழிலாளர் தளராமல் உழைத்தற்பொருட்டுக் கால்மணி இசையும் கால்மணி மௌனமுமாக வகுத்து அனுப்பிற்று. அதன் நோக்கம் கேட்போனை வேலைசெய்வித்தல். இடத்தின் தன்மையை மூடி மறைத்தல். ஈனோ தம் இசையை அதனின்று பிரித்துக் காட்டினார். இடத்தின் தன்மையை மறையாது விளக்குதலும், கேட்பான் எண்ணுதற்கு இடந்தருதலுமே தம் நோக்கமென்றார். இக்காலத்திலோ, படிப்பதற்கு இசை, உறங்குவதற்கு இசை என்று இணையத்தில் அளவின்றி வந்து குவிகின்றன. ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் கணினியே மணிக்கணக்கில் இசையை ஆக்கித்தரும். அவற்றுட் பல, ஆக்கியோரே ஒருமுறையும் முழுதும் கேளாதவை. ஈண்டே வேற்றுமை விளங்குகின்றது. ஈனோவும் ரைஷும் கருவியை ஓடவிட்டுக் கேட்டனர்; இவர்கள் கருவியை ஓடவிட்டு விற்கின்றனர். கருவி ஒன்றே, செவி ஒன்றன்று. ஆகவே, சூழிசைவாணன் ஒருவனைச் சோதித்தற்கு உரிய வினா, "நீ கையால் வாசித்தாயோ?" என்பதன்று, "நீ இறுதிவரை கேட்டாயோ?" என்பதேயாம்.

இவையெல்லாம் மேனாட்டார் புதுமை, நமக்கு யாது தொடர்பு என்பாரும் உளராவர். அவர்க்கு இரண்டு செய்திகள். 1946-ஆம் ஆண்டில் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் அம்மையார் நியூயார்க்கு சென்று, கேஜிடம் மேனாட்டிசை கற்று, மாற்றாக அவர்க்கு இந்திய இசையையும் அதன் தத்துவத்தையும் கற்பித்தார். இசையின் பயன் மனத்தை அடக்கித் தெளிவித்துத் தெய்வ அருள் படிதற்குரியதாக்குதலே என்னும் தம் ஆசிரியர் கொள்கையை அவர் கூற, அதனைக் கேஜ் வாழ்நாள் முழுதும் போற்றினார். பின்னர், 1969-ஆம் ஆண்டில் அகமதாபாத்து தேசிய வடிவமைப்புக் கழகத்தில், முன்னர்க் குறித்த டேவிட் டியூடர் வந்து மின்னிசைக் கூடமொன்றை அமைத்தார். அதில் 1972 வரை இந்தியர் பலர் ஆக்கிய ஒலிகள், நெடுங்காலம் பெட்டியிற் கிடந்து, 2023-இல் இசைத்தொகுதியாக வெளிவந்தன. அரைநூற்றாண்டு நாம் அவற்றைக் கேட்கவில்லை. கேட்பாரில்லாமையால் அவை இல்லையென்றே எண்ணியிருந்தோம். மேலும், அமெரிக்க இசைவாணராகிய லா மான்ட் யங்கும் டெரி ரைலியும் 1970-இல் பண்டிதர் பிராண் நாத்துக்கு மாணாக்கராயினர். தம்பூரின் நீங்காச் சுருதியில் உள்ளம் ஊன்றிக் கேட்டலை அவர்கள் நம் நாட்டாரிடத்தே பயின்றனர். அத்தம்பூரை நாம் பாட்டிற்குப் பின்னணி என்று மட்டும் கருதி, அதனையே கேட்பதை மறந்தோம் போலும்.

மாணவ அன்பர்காள்! இவ்விசைவாணர் நெறியில் நுமக்கும் எமக்கும் உரிய பாடம் யாது? எல்லோரும் சூழிசை ஆக்கப் புகவேண்டுமென்பதன்று. முன்னரே துணிந்த முடிவை நிலைநாட்டுதற்காக உழைப்பது ஒரு வகை. ஒரு முறையை வகுத்து, அது காட்டுவதை உள்ளவாறு கேட்டு, அதன்படி தன் எண்ணத்தைத் திருத்திக்கொள்ளுதல் மற்றொரு வகை. ஆய்வுக்கூடத்தில் இரண்டாவதனையே நாம் அறிவியல் என்று போற்றுகின்றோம். இசையரங்கில் அதனையே சோம்பல் என்று இகழ்ந்தோம். கருவி பழுதுற்றபோது ரைஷ் கேட்டார். உடல் பழுதுற்றபோது ஈனோ கேட்டார். நாடா பழுதுற்றபோது பசின்ஸ்கி கேட்டார். தாம் விரும்பியது நிகழாதவிடத்து, நிகழ்ந்ததை வெறாது கேட்டலே அவர்கள் ஆக்கத்திற்கு வித்தாயிற்று.

இறுதியாக, நம் கல்லூரி இசைப்போட்டி விதிகளில் ஒரு திருத்தம் வேண்டுமென்று பணிவுடன் கேட்கின்றோம். வாய்ப்பாட்டு, வாத்தியம் என்னும் இரு பிரிவுகளோடு, ஒலியாக்கம் என்னும் மூன்றாம் பிரிவொன்றும் அடுத்த ஆண்டு முதல் இருத்தல் நலம். அதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். ஒலிகளை மாணவர் தாமே பதிந்திருத்தல் வேண்டும். வகுத்துக்கொண்ட முறையையும், தேர்ந்தவற்றோடு விலக்கியவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதித்தரல் வேண்டும். நடுவர் இடையில் மணியடித்தல் கூடாது. கடைசி நிபந்தனை மாணவர்க்கன்று, எம்போல்வார்க்கு. நன்றாயில்லாதவற்றை நன்றாயில்லையென்று கூறும் உரிமையை நாம் விட்டுவிடவில்லை. முழுதும் கேளாது அவ்வாறு கூறும் உரிமை நமக்கு என்றும் இருந்ததில்லை என்பதையே இப்பொழுது உணர்கின்றோம்.

அம்மாணவர் இருவரும் இவ்வாண்டோடு கல்லூரியை விட்டுச் செல்கின்றனர். சென்ற திங்களில் அவர்களை அழைத்து, அவ்வாக்கத்தை மீண்டும் ஒலிக்குமாறு வேண்டினோம். இருபது நிமிடமும் கேட்டோம். பதினான்காம் நிமிடத்தளவில் மழை ஓய, விசிறி ஓய, காக்கைகளும் அடங்க, மணியின் கடைநாதம் மட்டும் நெடுநேரம் நின்று தேய்ந்தது. இக்கல்லூரியில் இத்துணை ஆண்டுகள் இருந்தும் அதனை நாம் அன்றுதான் முதன்முறை கேட்டோம். அவ்வாக்கத்தில் நீக்கத்தக்க பகுதிகள் இரண்டுள என்று கூறினோம், அவர்களும் ஒப்புக்கொண்டனர். சென்ற ஆண்டே அதனைக் கூறியிருப்பின், இவ்வாண்டு அவர்கள் இன்னும் நல்லதொன்றை ஆக்கியிருப்பர். அவ்விழப்பு நம்முடையதே. இனி வரும் மாணவர்க்கு அஃது நேராதிருப்பதாக.